பன்றி இல்லாத காணி

என் அக்கா ஒரு மரத்துக்குச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சட்டி கழுவுகிற சவர்க்காரம், சட்டி தேய்க்கிற தும்பு, ஒரு வாளித் தண்ணீர். காலில் கம்பூட் என்கிற ரப்பர்ச் சப்பாத்து, தலையில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பை. மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத்தான் அவள் தேய்த்தாள். அடுத்த மரத்தை நான் தேய்த்தேன். எங்களுக்குப் பின்னால் நின்று அத்தான் மேற்பார்வை செய்தார். "கொஞ்சம் மேலையும் தேய் பிள்ளை. பாதியில நிறம் மாறினால் வாறவங்களுக்குச் சந்தேகம் வரும்" என்றார். காட்டில் மரத்துக்கா பஞ்சம். எந்தெந்த மரத்தைத் தேய்க்க வேண்டும் என்று அத்தான் முன்கூட்டியே சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு வைத்திருந்தார். கடைசியில் அந்தச் சுண்ணத்தையும் நாங்களே தேய்க்க வேண்டியதாயிற்று.

அத்தான் என்பது அக்காவின் கணவர். ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். வன்னியில் வேலை. எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சி வரும், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று கமக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், ஆக்லாந்துக்கு வந்து மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். வருடக்கணக்காக ஓட்டி இடுப்புப் போனபிறகு, பகுதிநேரமாகப் படித்து, வீடு காணி விற்கிற லைசென்ஸ் எடுத்தார். பண்டகசாலையில் கேக் வெட்டி, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அத்தானும் எழும்பி நின்று ஒரு பேச்சுப் பேசினாராம். "இனி நீங்கள் வீடு வாங்க என்னிடம்தான் வரவேண்டும்" என்று முடித்தாராம். அந்தப் பேச்சுத்தான் பிறகு அவரைப் பிடித்து ஆட்டியது. ஏனென்றால் பிளாக்ஹவுஸ் பேயில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து வெகுகாலமாகியும் அவர் ஒரு கோழிக்கூடு கூட விற்கவில்லை.

விற்கமுடியாததற்குக் காரணம் அவருடைய வாய். வீடு பார்க்க வருகிறவர்களிடம் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவார். "இந்தக் கூரை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்" என்பார். "பக்கத்து வீட்டு நாய் இரவிரவாகக் குரைக்கும்" என்பார். அந்த நாயை அவர் கண்டதுகூட இல்லை, யாரோ சொன்னதாக இருக்கும். எங்கள் சனமோ அவரைக் கூட்டிக்கொண்டு போய் வீடுகளை எல்லாம் பார்த்து, குறைகளை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாங்குவதை மட்டும் வேறு ஆளிடம் வாங்கியது. அலுவலகத்து மனேஜர் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். அடுத்ததை விற்கவில்லையென்றால் பிரிந்துபோக வேண்டிவரும் என்பது அதன் சாரம். அக்கா கதவைச் சாத்தாமலே கதைத்தாள். "இதுவும் சரிவராட்டி பேசாமல் மனுரேவாவுக்கே திரும்பிப் போங்கோ." அத்தானுக்கு ஃபோர்க்லிப்ட் பயமில்லை. இடுப்பு நோவுகூடப் பெரிதில்லை. கேக் வெட்டியவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரைத் தின்றது.

அந்த 'அடுத்தது' தான் இந்தக் காணி. வெஸ்ட்கேட்டைத் தாண்டி வடமேற்கே வெகுதூரம் ஓடி, தார் ரோட்டு முடிந்து கிறவல் ரோட்டு தொடங்கி, அதுவும் முடிகிற இடத்தில் இருந்தது. ஒரு தகரக் குடிசை, ஒரு குழிக் கக்கூஸ், மிச்சமெல்லாம் காடும் மேடும் ஓடையும். எங்கள் தெருவில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கணவர் வேட்டைக்கென்று வாங்கிவைத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு அந்தக் காணியில் தெரிந்த ஒரே உயிரினம் சாண்ட்ஃபிளை என்கிற கடிபூச்சி. ஒரே தடவை போய்க் கடிவாங்கி வந்தவர், பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "பின்பக்கம் மான் உண்டு என்று அவர் சொல்லுவார்" என்றதோடு சரி. தன் குப்பை வாளியை அத்தான் கிழமைதோறும் தெருவுக்கு இழுத்துவிடுகிற நன்றிக்காக விற்பனையை அவரிடமே கொடுத்தார் அந்த அம்மா. 'வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் உகந்த கிராமப்புறக் காணி' என்று விளம்பரம் போயிற்று. அத்தான் பிறவிச் சைவம். முட்டை போட்ட கேக்கையே மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

மக்களைக் கூப்பிட்டுக் காட்டுகிற நாளுக்கு முந்திய கிழமை, இடத்தைத் துப்புரவாக்க மூன்றுபேரும் போனோம். குடிசைச் சுவரில் மான்கொம்பு ஒன்று இருந்தது. அக்கா அதில் பாத்திரம் துடைக்கிற துணிகளைக் காயப்போட்டாள். பின்னால் ஓடைப்பக்கம் போன அத்தான் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிவர நிலம் உழுது போட்டதுபோலக் கிளறிக் கிடந்தது. ஓடைக்கரையில் சேற்றுக் குழிகள். மரங்களில் ஏதோ உடம்பை உரசிவிட்டுப் போன சேறு. அத்தானிடம் அப்படியொரு முகத்தை நான் அதற்குமுதல் கண்டதில்லை. "பண்டி" என்றார். எங்கள் பக்கத்தில் பன்றியை அப்படித்தான் சொல்லுவோம். "குடும்பமா வந்திருக்கு. இனி இது விக்காது."

வன்னியில் ஒரு வருடம் அவர் பொறுப்பிலிருந்த பயிர் முழுவதையும் அறுவடைக்கு முந்திய கிழமை பன்றிகள் தின்றும் உழக்கியும் போட்டனவாம். வெறும் வயலில் நின்று அழுத கமக்காரருக்குப் பக்கத்தில், தான் படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று நின்றதாகச் சொன்னார். பன்றி வருகிற காணியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்பது அவருடைய அனுபவம். "இது வேட்டைக்காணி தானே அத்தான்" என்று கேட்டுப் பார்த்தேன். "வேட்டைக்காரனுக்கு மான் வேணும். பண்டி ஆருக்கு வேணும்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் குடும்பத்தின் வேட்டை அறிவு முழுவதையும் திரட்டினாலும் ஒரு நுளம்பைத் தாண்டாது.

அதன்பிறகுதான் மரம் கழுவினோம். கிளறிய நிலத்தை மட்டப்படுத்தி, கடையில் வாங்கிய புல்விதையைத் தூவினோம். சேற்றுக் குழிகளைக் கல்லுப் போட்டு மூடினோம். பன்றி திரும்பி வராமலிருக்க அத்தான் வன்னி வைத்தியம் பார்த்தார். அக்காவின் பழைய நைலெக்ஸ் சேலைகளை மரத்துக்கு மரம் வேலிபோலக் கட்டினார். சேலை காற்றில் ஆடினால் பன்றி ஆள் நிற்பதாக நினைக்குமாம். பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் ஒரு சலூனில் கெஞ்சிக் கேட்டு, வெட்டின மயிரைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு வந்து காடெங்கும் தூவினார். மனித மயிர் மணத்துக்குப் பன்றி அண்டாது. ஊரில் எல்லாம் கறுப்பு மயிர். இங்கே மஞ்சளும் செம்பட்டையும் நீலமுமாகக் கிடந்தது. தெரிந்த குறையை மறைக்கக்கூடாது என்பது அத்தான் படித்துப் பாஸ்பண்ணிய பாடம். அதை நினைவூட்டினேன். "பண்டி குறையில்லைப் பிள்ளை. விருந்தாளி. வரும், போகும்" என்றார். ஆனால் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

காட்டுகிற நாள் காலையில் சேலைகளை அவிழ்த்து எடுத்தோம். வைத்தியம் நன்றாக வேலைசெய்திருந்தது. ஒரு குளம்படிகூட இல்லை. அக்கா உழுந்துவடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். காற்சட்டையும் சப்பாத்துமாக ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் குடிசையைப் பார்க்கவில்லை. குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள், மரத்தடியைத் தடவினார்கள், மூக்கை உயர்த்தி மணந்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழ வாசம் வருகிறதே என்று இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு தொங்கின முகத்தோடு திரும்பி வந்து, மரியாதைக்கு ஆளுக்கொரு வடை தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அத்தான் பூரித்துப் போயிருந்தார். "இவ்வளவு துப்புரவான காட்டை அவங்கள் சீவியத்தில கண்டிருக்க மாட்டாங்கள்."

கடைசியாக ஒரு பெரியவர் மட்டும் நின்றார். லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர், நெடிய மனிதர், கூச்ச சுபாவம். பேரப்பிள்ளைகளை வார இறுதியில் கூட்டிவரத்தான் இடம் தேடுவதாகச் சொன்னார். போகிற நேரம், கார்க்கதவில் கையை வைத்துக்கொண்டு, "பன்றி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அத்தான் நெஞ்சை நிமிர்த்தி, "ஒன்றுகூட இல்லை, சேர். வாசம்கூட இல்லை" என்றார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, இடத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவு அத்தான் சாப்பிடவில்லை. அக்கா கேட்டதற்கு, "பேரப்பிள்ளையளைக் கூட்டிவரப் போறாராம்" என்று மட்டும் சொன்னார். தாய்ப்பன்றி குட்டியோடு நிற்கும்போது ஒரு பிள்ளை குறுக்கே போனால் என்ன நடக்கும் என்று அவர் வன்னியில் கண்டவர்.

மறுநாள் காலை சமையலறை மேசையில் போனை வைத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தனியாகக் கதைக்க அவருக்குத் தைரியமில்லை. அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், கையைக் கூப்பினாள். கதை ஆங்கிலத்தில் நடந்தது.

"சேர், நேற்று நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். அந்தக் காணியில் பன்றி இருக்கிறது."

"ஒன்றிரண்டா?" என்று அந்தப் பக்கம் கேட்டது.

"நிறைய, சேர்."

"பெரியவையா?"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். "மிகப் பெரியவை, சேர். குட்டிகளும் உண்டு. நிலத்தை எல்லாம் கிளறிப்போட்டன. நாங்கள்தான் மூடினோம். மரங்களையும் கழுவினோம்."

"மரங்களைக் கழுவினீர்களா?"

"சவர்க்காரம் போட்டு, சேர்."

இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு குரலைத் தணித்து, "இதை வேறு யாருக்காவது சொல்லிவிட்டீர்களா?" என்றார்.

"இல்லை, சேர். இனித்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்."

"தயவுசெய்து சொல்லாதீர்கள். இதோ வருகிறேன்."

போன் நின்றதும் அத்தான் எழும்பி டை கட்டினார். "கந்தோருக்குச் சண்டைக்கு வாறார். மனேஜருக்கு முன்னாலதான் ஏச்சு விழப்போகுது" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த தன் பெயரட்டைக் கட்டை அக்காவிடம் கொடுத்தார். இனித் தேவைப்படாது என்ற நினைப்பு. பெரியவர் சண்டைக்கு வரவில்லை. கையெழுத்துப் போட வந்தார். வந்தவர், எங்கள் ஆட்கள் பட்டமளிப்புப் படம் காட்டுவதுபோலத் தன் போனில் படம் காட்டினார். மூத்த பேத்திக்குப் பக்கத்தில் வேட்டையில் விழுந்த, அவளைவிடப் பெரிய பன்றி. அந்தக் காணியை அந்த மனிதர் முதல்நாள் பார்த்ததும் விரும்பினாராம். பன்றியில்லாத குறைதான் குறையாம். அந்த வருட நத்தாருக்கு ஒரு முழுப் பன்றித்தொடையை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து அன்பாகத் தந்தார். அக்கா அதைக் கராஜில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பத்தைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

இப்போது அத்தானுக்கு வேட்டைக்காணிகள்தான் பிழைப்பு. மனுரேவாவிலிருந்து பழைய கூட்டாளிகளும் வந்து இரண்டு வீடு வாங்கிவிட்டார்கள். கலியாணவீடோ பிறந்தநாளோ, யாராவது அவரைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லவைத்துவிடுவார்கள். "மிகப் பெரியவை, சேர்" என்ற இடத்தில் மண்டபமே சிரிக்கும். அக்கா மட்டும் அந்த இடத்தில் சிரிப்பதில்லை. ஒருமுறை என்னிடம் சொன்னாள். "உவை பண்டிக்குச் சிரிக்கினம். அந்த மனுசன் வேலை போச்சுதெண்டு நினைச்சுக்கொண்டுதானே சொன்னவர். பெயரட்டையை என்ர கையில தந்திட்டுப் போனது எனக்கெல்லோ தெரியும்."

போன மாதம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான் மறுபடி அதே மேசையில் போனை வைத்துக்கொண்டு இருந்தார். புதிதாக ஒரு காணி கையில். நல்ல காடு, நல்ல ஓடை, வாங்கத் தயாராக ஓர் ஆள். அத்தான் கம்பூட் போட்டுக்கொண்டு காணி முழுவதும் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறார். ஒரு கிளறல் இல்லை, ஒரு சேற்றுக்குழி இல்லை. அக்கா மெதுவாக, "பண்டி இருக்கலாம் எண்டு சொல்லுங்கோவன். அது பொய்யில்லைத்தானே" என்றாள். அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"சேர், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காணியில் ஒரு பன்றிகூட இல்லை. சொறி, சேர்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு என்னவாம் என்று கேட்டாள். வேண்டாமாம் என்றார் அத்தான். அக்கா சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துச் சோறு போட்டாள். அத்தான் நன்றாகச் சாப்பிட்டார்.