நைட் ஷிஃப்ட்டுக்குப் பழகிய இசக்கி

போன வாரம். மணி ஆறு. எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கி, குளித்துத் திருநீறு பூசி, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு இறங்கி வந்தான்.

“விடியக்காலமே எந்திச்சிட்டேன் பாத்தீங்களா அண்ணாச்சி! பரீட்சை பத்து மணிக்குத்தான? டீ குடிச்சிட்டு வந்து ஒருவாட்டி புரட்டிப் பாத்துருதேன்.”

அது சாயங்காலம் ஆறு மணி!

இசக்கி தென்காசிப் பக்கத்துப் பையன். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது — பாக்கி நிற்கும் ஒரே அரியரை இந்தத் தடவை முடித்தால். பையன் படித்தானா? நைட் ஷிஃப்ட்டுக்குப் பழகினான்! ஒரு மாதமாகப் பகலெல்லாம் தூக்கம்.

“உடம்ப இப்பவே பழக்கணும்லா?”

சரி, ராத்திரியில் படிக்கலாமே?

“ஷிஃப்ட்டுல எவனாவது படிப்பானா அண்ணாச்சி?”

அன்று காலை எட்டு மணிக்கு நான் கதவைத் தட்டத்தான் செய்தேன். “முழிச்சுதான் இருக்கேன் அண்ணாச்சி” என்று தெளிவாகக் குரல் வந்தது. நம்பி இறங்கிவிட்டேன். படுத்தபடியே அப்படிச் சொல்லாதவர் நம்மில் யார், சொல்லுங்கள்?

விஷயம் தெரிந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நைட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் வாசலைத் தாண்டிப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது... வேலை போயிற்றே!

நண்பனுக்குப் போன் போட்டான். சட்டென்று முகம் மலர்ந்தது.

“கொஸ்டின் பேப்பர் ரொம்பக் கஷ்டமாம் அண்ணாச்சி. எழுதியிருந்தா ஃபெயிலாயிருப்பேன். தப்பிச்சேன்!”

இதைக் கேட்டு உள்ளேயிருந்து என் மனைவி ஓடி வந்தாள். கல்லூரியில் உளவியல் எடுக்கிறாள். மாணவர்கள் தங்களைத் தாங்களே எவ்வளவு ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று அளப்பதுதான் இப்போது அவளுடைய ஆராய்ச்சி. எப்படி அளப்பது? அவர்களையே கேட்பது!

“உன்னை நீயே எவ்ளோ ஏமாத்திக்கினு இருக்கப்பா? பத்துக்கு எவ்ளோ?”

இசக்கி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

“பூஜ்யம்க்கா.”

மனைவி முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “பாத்தீங்களா? எங்க காலேஜ்லயும் எல்லாரும் பூஜ்யம்தான் சொன்னாங்க. இந்தக் காலத்துப் பசங்கள நாமதான் தப்பா நெனைச்சிக்கினு இருக்கோம்!”

இசக்கி நிம்மதியாக டீ குடிக்கக் கிளம்பினான். அன்றைக்கு அவன் கலந்துகொண்ட ஒரே பரீட்சை... அதில் பாஸ்!