பச்சைக்கு மேல் எழும்பாத தூண்கள்

மெஹ்ரீனுக்கு வேலை, ஆர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி வரைபடம் போடுவது. ஊரப்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை ஆபீசுக்கு வந்து போவதிலேயே பாதி உயிர் போய்விடும். அன்று கேட்டது சின்னப் படம்தான். சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு கட்டும் ஒரு பில்டருக்கு, வருடா வருடம் தெருவில் மழைநீர் எவ்வளவு உயரம் நின்றது என்று காட்ட வேண்டும்.

பாதுகாப்பான மட்டம் வரைக்கும் பச்சைக் கோடுகளால் நிரப்பினாள். கோடுகள் மேலே வழியாமலிருக்க, இந்தக் கட்டத்துக்குள் மட்டும் வரை என்று ஒரு கட்டளை கொடுத்தாள். நிரப்பி முடித்ததும் அந்தக் கட்டளையை விலக்க வேண்டும். மறந்துபோனாள். பிறகு வருடத்துக்கு ஒன்றாக வரைந்த தூண்கள் ஒன்றுகூடப் பச்சைக்கு மேல் எழும்பவில்லை. வெள்ளம் வந்த வருடங்களும் சமர்த்தாக அடங்கி நின்றன. பிழை என்று கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சனியன். படம் பார்க்க அழகாக இருந்தது. அவசரத்தில் அனுப்பிவிட்டாள்.

வேறொரு வேலைக்காக நிரலைத் திறந்தபோதுதான் விலக்காத கட்டளை கண்ணில் பட்டது. மேனேஜர் தோத்தாத்ரியிடம் ஓடினாள்.

“சார், அந்தப் படம் தப்பு. மாத்திக் குடுத்துடலாம்.”

“வீடு விக்கிற நோட்டீஸ்ல பிரிண்ட் ஆயிடுச்சும்மா. பில்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கிளறாத, விடு.”

விட்டாள். சம்பளத்துக்கு இருப்பவர்கள் விடுகிற மாதிரிதான்.

பல்லாவரத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணன் அக்தர், கோடையில் புது வீட்டுக்கு அழைத்தான். அதே பில்டர் கட்டியது. அம்மாவுக்கு முழங்கால் போய் மாடியேற முடியாது என்பதால் தரைத்தளம்.

“உங்க ஆபீஸ்ல போட்ட படமாமே? அதப் பாத்துதான் கண்ண மூடிகினு வாங்கிட்டேன்.”

அம்மா புதுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மெஹ்ரீனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிரியாணி பரிமாறும் நேரத்தில் எப்படிச் சொல்வது? மழைக்கு முன் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அவ்வளவு கோழைத்தனம் தனக்குள் இருப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மத்தியானம் அக்தர் போன் செய்தான்.

“கட்டில் முழுகிப்போச்சு. அம்மாவ நாற்காலியோட மாடிக்குத் தூக்கினு வந்துட்டோம். நடுங்கிகினு கீறாங்க.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “பில்டர் நம்பவெச்சு ஏமாத்திட்டான் மெஹ்ரீன். வாங்கறதுக்கு முன்ன உன்கிட்ட அந்தப் படத்தக் காட்டியிருந்தா நீ கண்டுபிடிச்சிருப்பல்ல?”

“ஆமாண்ணா, கண்டுபிடிச்சிருப்பேன்” என்றாள் மெஹ்ரீன்.