கழுவிக் கெடுத்த கொக்கோ

அருக்காணிக்குச் சுத்தம் என்பது ஒரு வியாதி. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிற வேலை அவளுக்கு. பொம்மையின் மூக்கில் துளி தூசி இருந்தாலும் பக்கத்தில் இருப்பவளின் பரம்பரையையே சந்திக்கு இழுத்துவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் படியேற வேண்டும். புருஷன் விருத்தகிரி மட்டும் கழுவுவதில்லை. கொல்லைப் பக்கமாக வந்து கொல்லைப் பக்கமாகவே போய்விடுவார்.

மணிமுத்தாற்றங்கரையில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு தென்னந்தோப்பு. ஊரில் பலருக்கும் அப்படித்தான். தென்னைக்கு நடுவில் ஊடுபயிராக வைக்கச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனம் கொக்கோ கன்று கொடுத்தபோது யாரும் கை நீட்டவில்லை. அருக்காணிதான் வீடு வீடாகப் போய்த் திட்டி நட வைத்தாள். கெஞ்சினால் நகராத ஊர், திட்டினால் நகர்ந்தது. விவசாயிகள் குழுவுக்கும் அவளே தலைவியானாள். எதிர்த்து நிற்க எவருக்கும் தெம்பில்லை.

காய் பிடித்ததும் நிறுவனத்தின் மோகனப்பிரியா வந்து சமுதாயக் கூடத்தில் பயிற்சி கொடுத்தார். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதையைக் குவித்து மூடி, அவ்வப்போது புரட்டிப் புளிக்க விட வேண்டும். அப்புறம்தான் காய வைக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். அந்த நேரம் தலைவி வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வரும்போது 'நல்லா காய வெக்கணும்' என்பது மட்டும் காதில் விழுந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கோ வடை மேலேயே கண்.

வேப்பங்கொட்டையைச் சதை போகக் கழுவிக் காய வைத்துத்தானே இத்தனை காலமும் கடைக்குப் போடுகிறோம், இதற்கு மட்டும் என்ன தனி வழி? அப்படித்தான் நினைத்தாள் அருக்காணி. மோட்டார் தொட்டியில் கொட்டி, சாக்கில் போட்டுத் தேய்த்து, வழவழப்பு போகும்வரை ஊரையே கழுவ வைத்தாள்.

கழுவாதவன் ஒரே ஒருத்தன், பாவாடை. அதே பட்டறையில் சூளை வேலை பார்க்கும் சோம்பேறி. ஈர விதையைச் சாக்கில் கட்டிச் சூளைக் கொட்டகையில் போட்டவன் அப்படியே மறந்துபோனான். நாற்றம் தாங்காமல் ஆளாளுக்கு அந்த மூட்டையை இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக உருட்டிவிட்டார்கள். முதலாளி கத்திய பிறகுதான் எடுத்து வெயிலில் கொட்டினான். அருக்காணி அவனை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டாள்.

"மனுஷனாடா நீ? பன்னிகூட இதும்மேல படுக்காது! உன்னால எங்க எல்லார் மானமும் போவப்போவுது."

"அடுத்த தபா பாத்துக்கறேன்க்கா."

சாக்லேட் கம்பெனிக்காரர் சரக்குப் பார்க்க வந்த அன்று அருக்காணிக்குச் சோறு இறங்கவில்லை. சரக்கு போகாவிட்டால் கொக்கோவை வெட்டிவிட்டுக் கருணைக்கிழங்கு போடப் போவதாக எல்லாரும் சொல்லியிருந்தார்கள். வந்தவர் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு விதையை எடுத்து நறுக்கினார், மென்றார், துப்பினார்.

"புளிக்கவே இல்லீங்க. இதுல சாக்லேட் வாசனையே வராது."

கடைசியாகப் பாவாடையின் மூட்டை. மென்றவர் துப்பவில்லை. "இது நல்லா இருக்குது. ஏதோ தற்செயலா அமைஞ்சதான்னு தெரியணும். இந்தப் பறிப்புலேயே இதே மாதிரி இன்னொரு கூடை காட்டுங்க. அடுத்த வருஷம் ஊர்ச் சரக்கு மொத்தமும் எடுத்துக்கறோம்."

மோகனப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டார். "கழுவாதீங்கன்னு சொன்னேனேக்கா!"

"நான் அப்ப செருப்பு அடுக்கிக்கிட்டு இருந்தேன்" என்றாள் அருக்காணி. அவள் குரல் அவ்வளவு தணிந்து ஊர் கேட்டதில்லை. பின்னாலிருந்து குழுவில் ஒருவரான கோதண்டபாணி சிரித்தார்.

"சிரிச்சுக்குங்க. தப்பு என்னோடது. மரத்த மட்டும் வெட்டாதீங்க. அந்த ஒரு கூடைய பாத்துட்டு வெட்டுங்க."

ஒரு கூடைக்கு எங்கே போவது? அப்போது முடிந்திருந்தது சீசனின் கடைசிப் பறிப்பு. தலைவிக்குப் பயந்து எல்லாரும் அதையும் கழுவி முடித்திருந்தார்கள். எப்போதும் எல்லாருக்கும் கடைசி பாவாடைதான். அந்தச் சோம்பேறித்தனத்தை நம்பி மொத்தக் கூட்டமும் அவன் வீட்டுக்கு நடந்தது.

பாவாடை கொல்லையில் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து யாரும் கண்டிராத காட்சி அது. தார்ப்பாயில் விதைகள் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"பாருக்கா! அன்னிக்கி நீ கேட்ட கேள்வியில நாக்க புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு. திருந்திட்டேன். ஒரு பிசுக்கு இருக்குதா சொல்லு?"

ஊர் மொத்தமும் அருக்காணியின் வாயைப் பார்த்தது. அவள் அப்படியே குந்திவிட்டாள்.

"கழுவாதது இன்னும் ஏதாவது இருக்குதாடா?"

"ஒரே ஒரு கூட இருக்குது. கோவப்படாதக்கா, இதோ அதையும் கழுவிடறேன்" என்று பாவாடை கூடையைத் தொட்டிக்கு மேலே தூக்கினான்.

அருக்காணி பாய்ந்தாள். அவன் கையிலிருந்து கூடையைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கூடையின் இடுக்கெல்லாம் கசிந்து, சலவை மடிப்பு கலையாத அவள் புடவையில் கொழகொழவென்று வழிந்தது, ஈ மொய்த்தது. சூளைக் கொட்டகை போய்ச் சேரும்வரை அவள் அதை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.