வாக்குக் கொடுத்த ரம்புத்தான்

எங்கள் வீட்டு ரம்புத்தான் மரத்துக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பிறந்த வாரத்தில் செங் என்ற பக்கத்து ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பழத்தைத் தின்ற அப்பா, கொட்டையைத் தூக்கி எறிய மனமில்லாமல் பின்வாசல் மண்ணில் ஊன்றிவைத்தாராம். கஜா பெராங்கில் நாங்கள் இருந்த பலகை வீட்டின் கூரையை அது நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே தாண்டிவிட்டது. "ரெண்டையும் ஒண்ணாத்தான் வளத்தோம். மரம் சொன்ன பேச்சுக் கேட்டு வளந்துச்சு" என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

வளர்ந்தது சரி, காய்க்கத்தான் இல்லை. பருவத்துக்குப் பருவம் பூத்துக் கொட்டும். தேனீக்கள் வந்து திருவிழா நடத்திவிட்டுப் போகும். அதோடு சரி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள், நாங்கள் மாக் சிக் என்று கூப்பிடுகிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, இது ஆண் மரம், சாகும்வரை பூத்துக்கொண்டிருக்கும், வெட்டி விறகாக்குங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அப்பா அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பப்பாளியில் ஆண் மரத்தைக் கண்டால் மறுபேச்சில்லாமல் வெட்டிப் போடுகிறவர்தான். ஆனால் ரம்புத்தான் விஷயத்தில் அவருக்கு அறிவுரை பிடிக்காது.

அப்பாவுக்குத் தோட்டம் என்றால் கிறுக்கு. அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ரப்பர் கடையை ஜப்பான்காரன் வந்ததும் மூடிவிட்டார்கள். அதன் பிறகு முழுநேரமும் மண்ணில்தான் கிடந்தார். கொய்யா, சிக்கு என்று நாங்கள் சொல்லும் சப்போட்டா, அன்னாசி, இரண்டு வகை வாழை. கொய்யாப் பிஞ்சுகளில் ஈ குத்தாமலிருக்க ஒவ்வொன்றையும் துணியில் கட்டிவைப்பது அவர் வழக்கம். நாங்கள் உடுத்தவே துணி கிடைக்காத காலம் வந்தபோது வாழைச் சருகில் கட்டினார். எங்கள் சட்டைக் கிழிசலைவிட அந்தச் சருகுப் பொட்டலங்களை அதிகம் கவனிக்கிறார் என்று அம்மாவுக்கு ஆற்றாமை.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. அரிசி இல்லை, ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் வெறும் நிலம் என்று ஒரு முழம்கூட இருக்கக் கூடாது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட வேண்டும். காய்க்காத மரத்தை வெட்ட வேண்டும். எங்கள் தெருவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் முன்பு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து ரம்புத்தானைச் சுற்றிப் பார்த்தார். "இந்த வாரத்துல ஜப்பான்காரனே நேர்ல வந்து பாக்குறானாம். அதுக்குள்ள வெட்டிருங்க அண்ணே. என் கழுத்துக்குக் கத்தி வராம பாத்துக்குங்க" என்றார். அந்த நிழலில் மரவள்ளி போட்டால் நாலு வாய்க்கு ஆகும் என்று அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அப்பா சாப்பிடவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் அழுகை வந்தது. என் வயதுள்ள ஒன்றை வெட்டப் போகிறார்கள் என்றால் அடுத்தது யார் என்ற கவலை எனக்கு.

அப்பாவைக் காப்பாற்றியது அத்தை. அப்பாவுக்கு அக்காள், எஸ்டேட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தவர். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"மரத்துக்குப் பயமே இல்லடா. நீ தடவித் தடவியே கெடுத்து வச்சிருக்க. ஒரு தடவ மிரட்டிப் பாத்துட்டு வெட்டு" என்றார்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது என்பது எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்த வைத்தியம்தான். ஒருவர் கத்தியோடு போய், காய்க்கிறாயா வெட்டட்டுமா என்று கேட்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்சி வாக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வயது என்ற தகுதியில் மரமாக இருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. என்னைத் தூக்கிக் கிளையில் உட்காரவைத்தார்கள். கத்தி பிடிக்கும் வேலை முறைப்படி அப்பாவுடையது. அவர் பாராங் கத்தியை ஓங்கினார், மரத்தைப் பார்த்தார், "இந்த வருஷமாச்சும் கொஞ்சம் காய்க்கக் கூடாதாம்மா" என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் மிரட்டல். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் விளக்குமாறுமாக அத்தை ஆடிய ஆட்டத்தில் கோழிகள் வேலியைத் தாண்டி ஓடின. "காய்ப்பியா மாட்டியா? இல்ல, இப்பவே ரெண்டா வெட்டிப் போடட்டுமா?"

"வெட்டாதீங்க! வெட்டாதீங்க! இந்த வருஷம் காய்ச்சிர்றேன்!" என்று நான் அலறினேன். அத்தை அப்படிக் கத்தும்போது நடிப்பே தேவைப்படவில்லை. கண்ணீர் தானாக வந்தது.

சரியாக அந்த நேரத்தில் தலைவர் ஜப்பான் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்குள் நுழைந்தார். ஒரு பொம்பளை கத்தியோடு பாய்கிறாள், மரத்தில் ஒரு பிள்ளை உயிருக்குக் கதறுகிறது. அதிகாரியின் கை வாள் பிடிக்குப் போய்விட்டது.

ஜப்பான்காரரைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும், மறந்தால் கன்னம் வீங்கும். எல்லோரும் குனிந்தார்கள். அத்தை பாராங்கோடு குனிந்தார். மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதே என்று நானும் கிளையில் குனிந்து, விழப் பார்த்து, மரத்தைக் கட்டிக்கொண்டேன். தலைவர் உடைந்த மலாயில் நடந்ததை விளக்கினார். அதிகாரிக்கும் உடைந்த மலாய்தான். எங்கே உடைந்து எங்கே சேர்ந்ததோ, அவர் முகம் மெல்ல மாறியது. அத்தையிடம் கையை நீட்டினார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கத்தியைக் கொடுத்தார்.

முடிந்தது கதை என்று நினைத்தோம். அவர் நேராக மரத்தின் முன்னால் போய்க் காலை அகட்டி நின்று, கத்தியை ஓங்கி, அவருடைய பாஷையில் ஒரு அதட்டல் போட்டார். அடிமரத்தில் சின்னதாக ஒரு கொத்து. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் காத்திருந்தார். யார் மிரட்டினாலும் என் வசனம் ஒன்றுதானே. "வெட்டாதீங்க! காய்ச்சிர்றேன்!" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் கையால் வாயருகே அள்ளுவதுபோல் காட்டினார். பசிக்கிறது போலும் என்று அம்மா ஓடிப்போய், ஒரு பிடி அரிசியும் மீதி மரவள்ளியுமாகக் காய்ச்சிய மத்தியானக் கஞ்சியைச் சட்டியோடு கொண்டுவந்தார். அவர் ஒரு அகப்பை கஞ்சியை எடுத்து, மரத்தில் கொத்திய இடத்தில் ஊற்றினார். இன்னொரு அகப்பையும் ஊற்றினார். ஜப்பான் ஆட்சியில் எத்தனையோ கொடுமையைப் பார்த்த அம்மாவுக்கு, அந்த இரண்டாவது அகப்பையைக் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து என் மகன் ஜப்பானில் படிக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே கிராமங்களிலும் இதே வழக்கம் இருக்கிறதாம். புதுவருஷம் பிறந்த பிறகு ஒரு நாள், கோடரியோடு போய்ப் பழ மரத்தை மிரட்டுவார்களாம். ஒருவர் மரத்தின் குரலில், காய்க்கிறேன் காய்க்கிறேன் என்பாராம். கொத்திய இடத்தில் கஞ்சி பூசுவார்களாம். மகன் போனில் இதைச் சொன்னபோது நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அவன் பயந்துவிட்டான். அன்று எங்கள் வீட்டில் யாருக்கு இதெல்லாம் தெரியும்? கஞ்சியை ஊற்றிவிட்டு அதிகாரி தலைவரிடம் ஏதோ சொன்னார். தலைவர் வெளிறிப்போய் அப்பாவிடம் சொன்னார்: "மரத்த வெட்டக் கூடாதாம். அது வாக்குக் குடுத்துருச்சாம்."

மரம் பிழைத்தது. ஆபத்து அப்பாவுக்கு மாறியது. ஜப்பான் ராணுவத்துக்குக் கொடுத்த வாக்கை ஒரு மரம் மீறினால் தண்டனை மரத்துக்கா கிடைக்கும்? அதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப விடாமல் வைத்திருந்த காலம் அது. தலைவர் தினமும் காலையில் வந்து கிளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். அந்தப் பருவத்தில் மரம் இதுவரை பூக்காத பூப் பூத்தது. அப்பா மாக் சிக் வீட்டு வேலிப் பக்கம் வேண்டுமென்றே நான்கு முறை நடந்தார். பிறகு பூ முழுக்க உதிர்ந்தது. ஊரில் மற்ற மரங்களெல்லாம் சிவக்க ஆரம்பித்தபோது எங்கள் மரம் பச்சையாக நின்றது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

ஒரு நாள் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அந்த ஆளு பர்மா பக்கம் மாறிப் போறாராம். போறதுக்கு முன்னால நாளைக்கி மரத்தப் பாக்க வர்றாராம்!"

அப்பா புக்கிட் பாருவில் இருந்த பழைய கடைச் சிநேகிதரிடம் ஓடினார். அத்தை, வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று மாக் சிக்கிடம் போனார். மறுநாள் விடிந்ததும் அம்மா கோணிச் சாக்கிலிருந்து நூலை உருவிக் கொடுக்க, பெரியவர்கள் வாங்கிவந்த பழக் கொத்துகளைக் கீழ்க் கிளைகளில் கட்டினார்கள், என்னை ஏணி வைத்து மேலே ஏற்றிவிட்டார்கள். நான் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டே போனேன். பாதி கட்டிய பிறகுதான் அப்பா கீழே தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஐயோ" என்றார். சிநேகிதர் கொடுத்தது சிவப்பு ரம்புத்தான். மாக் சிக் கொடுத்தது மஞ்சள் ரம்புத்தான். ஒரே மரத்தில், ஒரே கிளையில், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அவிழ்க்க நேரமில்லை. பூட்ஸ் சத்தம் கேட்டுவிட்டது. ஏணியைத் தூக்கி ஒளித்தவர்கள் என்னை மறந்துவிட்டார்கள்.

எல்லோரும் குனிந்தார்கள். அதிகாரி மரத்தைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். கிட்டே வந்து ஒரு கொத்தைத் திருப்பி, சாக்கு நூல் முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். குனிந்த தலையை அப்பா நிமிர்த்தவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றுக்கு வரும்போல் இருந்தது. அந்த ஆள் சிரித்தார். சத்தமே வராமல், தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்புறம் இலைகளுக்குள்ளே என்னைக் கண்டுபிடித்தார். உச்சிக் கிளையில் இறங்க வழியில்லாமல் மரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அவர் வாளைப் பின்னால் தள்ளிவிட்டு, நேர் கீழே வந்து நின்று, இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார்.

பழம் கேட்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன கேட்பார்கள்? அவர்கள் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பதுதானே வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கைக்கெட்டிய ஒரு கொத்தை நூலோடு பிய்த்து அவர் கையில் போட்டேன். போதாதோ என்று இன்னொன்றும் போட்டேன். அது அவர் தொப்பியில் பட்டுக் கீழே விழுந்தது. கைகளை நீட்டியபடியே அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே விழுந்ததையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜப்பான்காரனை ஏமாற்றிவிட்ட கதையாக அப்பா இதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஆளை நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. மற்ற வீடுகளில் என்ன செய்தார், பர்மாவில் என்ன ஆனார், எதுவும் எனக்குத் தெரியாது.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஒரு சாயங்காலம் என் மகள் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறிவிட்டு இறங்க முடியாமல் கத்தினாள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மரத்தடியில் நின்று, யோசிக்காமல், இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டினேன். நீட்டிய பிறகுதான் அந்த ஜப்பான்காரரின் கைகள் நினைவுக்கு வந்தன. அந்த மனுஷன் பழம் கேட்கவில்லை. "அம்மா, புடிச்சிக்குவீங்களா?" என்று மேலேயிருந்து மகள் கேட்டாள். தலையை ஆட்டினேன். அவள் குதித்தாள்.