வாக்கியத்துக்கு இடமில்லை

அலுவலகத்தில் அவளுக்குச் சிக்கனம் என்று பேர். யார் வைத்தார்களோ, ஒட்டிக்கொண்டது. மூச்சுத் திணறுகிறவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரம் செய்கிற கம்பெனி அது. இயந்திரத்துக்குள் விரல்நகம் அளவு ஒரு சிப், அதில் மெமரி கொஞ்சூண்டு. அதற்குள் புரோகிராமை அடைத்து உட்காரவைப்பது அவள் பிழைப்பு. வருஷா வருஷம் இன்னும் மலிவான சிப் வரும், மெமரி இன்னும் குறையும், மேலாளர் அவள் மேசைக்கு வந்து சிரிப்பார். அவர் சிரித்தால் அவளுக்கு வேலை கூடியது என்று அர்த்தம்.

இந்த முறை பாதிக்குப் பாதி குறைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டினாள். ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதியிருந்ததை ஒன்றாக்கினாள். ஒரு வேலை முடிந்ததும் அது பிடித்துவைத்திருந்த இடத்தை அடுத்த வேலைக்குக் கொடுத்தாள், ஒரே நாற்காலியில் மாறி மாறி ஆளை உட்காரவைப்பது போல. கண் எரிந்தது, கழுத்து மரத்துப்போனது. அப்படியும் இடம் போதவில்லை.

கை வைக்க மிச்சம் இருந்தவை இரண்டே. ஒன்று, இயந்திரத்தைப் போட்டதும் திரையில் விரியும் கம்பெனிப் படம். மற்றது, கோளாறு வந்தால் வரும் வாக்கியங்கள்: "வடிகட்டி அடைத்திருக்கிறது, கழற்றித் தட்டவும்" என்கிற மாதிரி. படம் முதலாளியின் மகள் வரைந்தது. அதைத் தொட்டால் பிழைப்பில் மண். வாக்கியங்களைத் தூக்கிவிடச் சொன்னார் மேலாளர். கோளாறுக்கு ஒரு நம்பர் போதுமாம், அர்த்தமெல்லாம் பெட்டியோடு தருகிற புத்தகத்தில் இருக்குமாம். அந்தப் புத்தகத்தை அவரே ஒரு நாளும் பிரித்ததில்லை.

எடுக்க வேண்டியது படத்தைத்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் வீட்டிலேயே மாமியார் மூக்கில் குழாயோடு, இதே இயந்திரத்தின் பழைய மாடலை நம்பி இருக்கிறார். பகலெல்லாம் தனியாக, அந்த வாக்கியங்களைப் படித்துத் தானே சரிசெய்துகொள்வார். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் முதலாளி அறை, விளக்கம், ஒரு கூட்டம், அதற்குப் பின் இன்னொரு கூட்டம். நினைக்கும்போதே அலுத்துப்போனது. சரி என்று சொல்லிவிட்டாள்.

சரி என்றதோடு நின்றாளா? கைப்பழக்கம் சும்மா விடுமா? ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற அதே புரோகிராம் வரிகளை வைத்தே கோளாறு நம்பரையும் காட்டிவிட்டாள், திரையில் அதே இடத்தில், அதே எழுத்தில். அதில் இன்னும் கொஞ்சம் மெமரி மிச்சமானது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

பழைய மாடல் பழுதாகிப்போக, ஊழியர் சலுகையில் புதியது வீட்டுக்கு வந்தது. நம்பர்களை அத்தைக்கு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் கண் சொக்கியது.

ஒரு சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது மாமியார் நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. திரையில் 8. வடிகட்டி அடைப்பு. பதறிப்போய்க் கழற்றினாள், பஞ்சு பஞ்சாகத் தூசி. தட்டி மாட்டிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். திரையில் 3 வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டுக்கு நிறம் திரும்பியது.

ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? எப்பவும் மூணுதான் காட்டும், இன்னைக்கு எட்டு காட்டுச்சு. நல்லா நெறைய வருதுன்னு நெனச்சேன். கீ கீன்னு கத்துச்சு, எப்பவும் போல பட்டனை அழுத்தினேன், நின்னுடுச்சு. அப்புறமும் மூச்சு வாங்குச்சு. சரி, என் உடம்புதான் மோசமாகுது போலன்னு உக்காந்துட்டேன்."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது அளவு இல்ல அத்தை. கோளாறு நம்பர். நான்தான் அப்படி எழுதினேன்."

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு மருமகளின் தலையில் கை வைத்தார்.

"நீ எழுதினதா? அப்ப சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் புரியல."