கசப்பு பார்க்கிற நாக்கு

காளான் கிடங்கில் அவளை 'நாக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய்த்துடுக்கு என்று நினைத்துவிட வேண்டாம், நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். காட்டிலிருந்து வருகிற கூடையெல்லாம் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். எல்லாம் குடைக்கு அடியில் மடிப்பில்லாமல் பஞ்சுபோலத் துளைத்துளையாக இருக்கிற ஜாதி. வழவழப்பான மஞ்சள் குடையைத் தோலுரித்து அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். வெட்டினால் நீலம் பாரிக்கிற வகை, நன்றாக வேகவைக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும். தடித்த காலுள்ள பழுப்புக் குடைதான் ராஜா. நறுக்கி, நூலில் கோத்துக் காயவைத்தால் வருஷம் முழுக்க சூப்புக்கு ஆகும். ஆனால் அச்சு அசல் அதைப்போலவே கசப்புக் காளான் ஒன்று உண்டு. விஷமில்லை, ஆனாலும் ஒன்று விழுந்தால் ஒரு அண்டா சூப்பும் சாக்கடைக்குத்தான். பிஞ்சில் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் பழுப்பு ஒவ்வொன்றிலும் துளி கிள்ளி நுனிநாக்கில் வைத்துத் துப்புவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

சமீபத்தில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்கு போனால் அந்த நாற்காலியில் அவளுக்கு என்ன வேலை? இன்று திரும்பிவிடும், நாளை திரும்பிவிடும் என்று கிள்ளிக் கிள்ளி வைத்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை ஹோட்டல் சமையல்காரர் இங்கிருந்து போன காளான் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து பொத்தென்று போட்டார்.

"வாயில வைக்க முடியல. ஒரு அண்டாவைக் கீழ ஊத்தினேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கிடங்கை நடத்துகிற தங்கை விட்டுக்கொடுக்கவில்லை. "எங்கக்கா பாத்து அனுப்பினது. மொதல்ல உங்க பாத்திரத்தைக் கழுவுங்க." சண்டை போட்டு அனுப்பியும்விட்டாள்.

பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டையைப் பிரித்தாள். வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது கைக்கு ஒன்றாக இரண்டு துண்டுகள்.

"இதுல எது கசப்பு, சொல்லுக்கா."

அவள் ஒன்றை நாக்கில் வைத்துத் துப்பினாள். மற்றதையும் வைத்துத் துப்பினாள். பழக்கத்தில் முகம் தானாகவே சுளித்தது. "இதுதான்" என்று இரண்டாவதைக் காட்டினாள்.

"ரெண்டுமே கசப்புதான்க்கா."

அவள் காட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பதினாறு நாளா."

பதினாறு நாளில் ஊரிலுள்ள எல்லா ஹோட்டலுக்கும் மூட்டை போயிருந்தது. தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் கடைசியில். "எனக்கும் நாக்கு இருக்கே."