தம்பி வீட்டு அடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன், அம்மனை நினைத்துக்கொள்வேன், திரும்ப மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்து தப்பாகப் போனால் அடித்துவிட்டு எழுதலாம், சாமி விஷயம் தப்பாகப் போனால் என்ன செய்வது என்ற பயம். இன்னொரு பயமும் இருந்தது. எழுத உட்கார்ந்தால் அன்றைக்குக் கேட்டதை மறுபடியும் காதுக்குள் கேட்க வேண்டியிருக்கும். இப்போது எழுதக் காரணம், மலைக்குக் கீழே சந்தவாசல் கடைகளில் இந்தச் சங்கதி வேறு மாதிரி நடமாடுகிறது. என் தம்பியே பாறை மேல் வந்து நின்றான் என்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதைவிடச் சின்னது. சின்னதாக இருப்பதால்தான் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். சாமை விதைக்கிறோம், புளி உலுக்குகிறோம். விதைப்புக்கு முன்னால், ஆனி மாதத்தில், அம்மன் கோயிலில் மேளத் திருவிழா நடக்கும். எந்தக் காலத்தில் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. வித்வான்கள் வந்து வாசிக்கிற திருவிழா இல்லை இது. எங்கள் ஊரில் கல்யாணமாகித் தனி வீடு வைக்கும் ஆண் ஒவ்வொருவனும் தன் வீட்டுக்கென்று ஒரு அடி கட்டிக்கொள்ள வேண்டும். அடி என்றால் மேளத்தில் தட்டும் ஒரு சின்னத் தாளம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஒரு வீட்டு அடி இன்னொரு வீட்டு அடி போல இருக்கக் கூடாது.

கோயிலுக்கு எதிரே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு பாறை. திருவிழா அன்று பூசாரி ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரன் கோயிலின் பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாறையைப் பார்த்து நின்று, தன் அடியை அடித்து நிறுத்துவான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பாறை அதைத் திருப்பிச் சொல்லும். "கேட்டாச்சு" என்று பூசாரி சொல்லி, வீட்டுக்காரியின் முந்தானையில் ஒரு கை சாமை போடுவார். அந்தச் சாமைதான் முதலில் மண்ணில் விழ வேண்டும். வீட்டுக்காரன் இறந்துபோனால் உடன்பிறந்தவனோ மகனோ அவன் அடியைக் கடைசியாக ஒரு தரம் அடித்துவிட்டுக் கருமாதி செய்வான். அதோடு அந்த அடி மூடிவிடும். பிறகு அதை யாரும் தொடக் கூடாது.

எதிரொலிதான், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பெண்கள் அந்தப் பாறைக்கு முன்னால் நின்று யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். திரும்பி வருகிற குரல் கூப்பிட்டவள் குரலாக இருக்காது என்பார்கள்.

என் தம்பி கர்நாடகா பக்கம் கிணறு வெட்டும் வேலைக்குப் போனவன். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினான், பஸ் கிளம்பும்போது ஆளைக் காணோம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. புகார் கொடுத்தோம், தேடிப் போனோம், ஊர் ஊராகப் படத்தைக் காட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அதிலிருந்து திருவிழாவில் அவன் வீட்டைப் பூசாரி கூப்பிடாமல் தாண்டிவிடுவார். தம்பி மனைவி ஒவ்வொரு வருஷமும் பெண்கள் வரிசையில் நிற்பாள். சாமை வாங்காமல் வீட்டுக்குப் போவாள். தன் நெற்றிக் குங்குமத்தை மட்டும் யார் சொல்லியும் எடுக்கவில்லை.

அவள் மகளுக்குக் கண்ணமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம். பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. பொண்ணுக்கு அப்பா இருக்கார்னா இருக்கார்னு சொல்லுங்க. இல்லன்னா செய்ய வேண்டியத செஞ்சி முடிச்சிடுங்க. ரெண்டும் இல்லாத வூட்ல எப்படிங்க பந்தக்கால் நடறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பூசாரியிடம் போய் நின்றோம். அவர் சொன்னார்: "வர்ற திருவிழால நீ உன் தம்பி அடிய அடி. பாறை சொல்லுச்சின்னா அவன் வூடு தெறந்திருக்கு. சொல்லலன்னா அதுதான் கடைசி அடி. மறுநாளே கருமாதி வெச்சிடலாம்."

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "சரிங்க சாமி" என்றாள். வீட்டுக்கு வந்தோம். வாசலில் நின்று, "அன்னிக்கு அந்த செட்ட கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

செட் என்று அவள் சொன்னது என் மச்சானின் சவுண்ட் செட்டை. என் மனைவியின் அண்ணன் அவன். சந்தவாசலில் கடை வைத்திருக்கிறான். கூட்டம் குறைகிறதே என்று சில வருஷம் முன்னால் அவன்தான் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினான். வீட்டுக்கு வீடு அடிக்கிற இடைவெளியில் பாட்டு ஓடும். அந்த வருஷமும் திருவிழாவுக்கு முந்தின நாளே ஜெனரேட்டரோடு வந்துவிட்டான்.

"மாப்ள, சொன்னா கோச்சிக்காத. உங்க திருவிழா காரமில்லாத கொழம்பு ஆயிடுச்சி. ஒருத்தன் டொம்முனு அடிக்கிறான், நிறுத்துறான், எல்லாரும் கல்ல பாத்துனு நிக்கிறீங்க. டவுன்ல இருந்து வர்றவன் இன்னாத்த பாப்பான்?"

"அப்ப நீ எதுக்கு வருஷா வருஷம் வர்ற?" என்றாள் என் மனைவி.

"நீ ஆக்குற கறிக்குத்தான். அதுவும் முன்ன மாதிரி இல்ல."

"இல்லாமதான் போன வருஷம் சட்டிய தொடச்சி வெச்சியா?"

சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது எனக்குள்ளேயும் இருந்தது. புதிதாக வீடு வைக்கிற பையன்கள் சினிமாப் பாட்டிலிருந்து அடி எடுக்கிறார்கள். பாதிப் பேர் கையில் செல்போன். ஒரு வருஷம் எல்லோரும் அமைதியாக நிற்கிற நேரத்தில் யாருடைய போனோ அலறியது. பாறை அந்தப் பாட்டையும் திருப்பிச் சொன்னது. கூட்டமே சிரித்துவிட்டது. பாறையும் சிரித்தது. நாங்கள் சிரித்து முடித்த பிறகும் அது கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இருந்தாலும் திருவிழாவின் வேகம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் அப்பாவும் அவர் காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம்.

திருவிழா அன்று காலையிலிருந்தே மூடுபனி. பள்ளம் தெரியவில்லை. பாறை தெரியவில்லை. வெள்ளையைப் பார்த்துத்தான் அடித்தார்கள். பனியில் மேளத்தோல் நமத்துப்போனது. தீ மூட்டிக் காட்டிக் காட்டி அடித்தார்கள். பாறையின் பதிலும் துணியில் சுற்றியது போலத்தான் வந்தது. ஆனால் வந்தது. என் வீட்டு அடியை அடித்தேன், வந்தது. என் மனைவி சாமை வாங்கிக்கொண்டாள்.

"மேளத்த இறக்காத. உன் தம்பி வூடு" என்றார் பூசாரி.

மச்சான் தானாகவே ஜெனரேட்டரை நிறுத்தினான். தம்பி மனைவி முன்னால் வந்து முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் அம்மனை ஒரு தரம் கும்பிட்டுவிட்டு அடித்தேன். சுத்தமாக அடித்தேன். ஒரு தட்டு முன்னே பின்னே போகாமல் அடித்தேன்.

நின்றோம்.

மரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. யாருடைய குழந்தையோ மூக்கை உறிஞ்சியது. பள்ளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் முன்னால் என் வீட்டு அடியைச் சொன்ன அதே பாறை, அதே மேளம், அதே கை. பூசாரி காதைச் சாய்த்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்து, "கேக்கல" என்றார். அந்தக் கோயிலில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தம்பி மனைவி விரித்த முந்தானையை மெதுவாகச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள், உள்ளே ஏதோ இருப்பது போல.

மிச்சமிருந்த வீடுகளும் அடித்து முடித்தன. பூசாரி மேளத்தைக் கோயில் தூணில் மாட்டினார். பந்தி போட்டோம். மச்சான் பாட்டுப் போடவில்லை. நல்ல பகல்தான், ஆனால் பனியில் நேரம் தெரியவில்லை. என் மனைவி சோறு போட்டுக்கொண்டு வந்தாள். தம்பி மனைவி சாப்பிடாமல் பந்தியின் கடைசியில் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பூசாரி தூணுக்கு அடியிலேயே இலை போட்டுக்கொண்டார். மறுநாள் கருமாதிக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது பாறையிலிருந்து அடி வந்தது.

என் தம்பிக்குச் சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்து உடைந்த வலது மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. அவன் அடியில் மூன்றாவது தட்டு பிந்திப்போகும். விழுமா விழாதா என்று காத்திருக்க வைத்து விழும். கேலி செய்வோம். அதை ஒரு குறையாக நினைத்து, அம்மன் முன்னால் குறை வேண்டாம் என்று, நான் அன்றைக்கு நேராக்கி அடித்திருந்தேன். பாறையிலிருந்து வந்ததில் மூன்றாவது தட்டு பிந்தியது. பந்தி முழுக்க அதற்காகக் காத்திருந்தது. அது விழுந்தது. அதோடு நின்றது.

பனியில் சுற்றிய சத்தமும் இல்லை. வெயிலில் காய்ந்த தோலில் அடித்தது போலக் கணீரென்று இருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. என் மனைவியின் கரண்டியிலிருந்து சோறு ஒரு இலைக்கும் இன்னொரு இலைக்கும் நடுவில் தரையில் விழுந்தது. நான் மச்சானைப் பார்த்தேன்.

"செட்டா மச்சான்?"

"வயர கழட்டி சுருட்டி வெச்சிட்டேன் மாப்ள." சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தான்.

பூசாரி எழுந்து தூணில் தொங்கிய மேளத்தைத் தொட்டுப் பார்த்தார். தோல் ஈரத்தில் தொங்கிப்போயிருந்தது. விரலால் தட்டினார், பொத்தென்றது.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. என்னிடம் சொன்னாள்: "நீங்க அடிச்சது உங்க கை மாமா. அது அவரு அடி இல்ல. அதுக்கு எப்படி பதில் வரும்?" பிறகு பூசாரி முன்னால் போய் முந்தானையை விரித்தாள்.

"இதுக்கு வழக்கம் இல்லம்மா" என்றார் அவர். "நாம அடிச்சாத்தான் அது சொல்லும். அடிக்காம வந்ததுக்கு நான் இன்னான்னு அர்த்தம் சொல்றது? உசுரோட இருக்கான்னு ஆயிடாது."

"இல்லன்னும் ஆயிடாதுங்களே. சாமைய போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சாமைக் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். பாதி வெளியே சிந்தியது. வழக்கமாகச் சொல்ல வேண்டிய வார்த்தை அவர் வாயில் வரவில்லை. என் மனைவிதான் சோற்றுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டாச்சு" என்றாள்.

கருமாதி வைக்கவில்லை. கண்ணமங்கலத்துக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா முழுதும் கேட்டார். கடைசியில், "அவங்க பொட்டோடவே மணையில நிக்கட்டுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. மலை மேளம் மட்டும் கல்யாணத்துக்கு வேண்டாங்க" என்றார். ஆவணியில் கண்ணமங்கலத்தில் கல்யாணம் நடந்தது. டவுன் பேண்டு வாசித்தது. தம்பி மனைவி குங்குமத்தோடு நின்றாள், அவள் பக்கத்தில் நின்று நான் பெண்ணைக் கொடுத்தேன். அம்மன் கிருபையில் அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள்.

தம்பி வரவில்லை. ஒரு தகவலும் இல்லை. அந்த அடியும் அதற்குப் பிறகு வரவில்லை. வருஷா வருஷம் பூசாரி இப்போது அவன் வீட்டையும் கூப்பிடுகிறார். மேளத்தை யாரும் எடுப்பதில்லை. ஒரு அடி நேரம் எல்லோரும் சும்மா நிற்கிறோம். செட்டை மச்சான் நிறுத்திவிடுகிறான். தம்பி மனைவி காதைக் கொடுத்து நிற்கிறாள், சாமை வாங்கிக்கொண்டு போகிறாள். அவளுக்கு வேண்டியது கிடைத்ததா என்று நான் கேட்டதில்லை. என் மனைவி கேட்டாளாம். "வூட்ட தெறந்து வெச்சிருக்கேன் அக்கா, அது போதும்" என்றாளாம்.

கூட்டம் இன்னும் குறைந்துதான் இருக்கிறது. சாரம் போய்விட்டது என்று கீழேயிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஒரு காலத்தில் அவர்களோடு சேர்ந்து தலையாட்டியவன் நான். இப்போது ஆட்டுவதில்லை. அம்மன் எப்போது பேச வேண்டும் என்று நாம் நேரம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம், அவள் நாம் சோற்றில் கை வைக்கும்போது பேசுகிறாள். அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை. பாறையைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட மட்டும் இப்போது என்னால் முடிவதில்லை.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் தம்பியின் உருவத்தைப் பார்த்ததாகச் சேர்க்காதீர்கள், பார்க்கவில்லை. யாரோ செல்போனில் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள், எல்லோர் கையும் இலையில் இருந்தது. அவன் திரும்பி வந்துவிட்டான் என்று முடிக்காதீர்கள், செத்துப்போனான் என்றும் முடிக்காதீர்கள். அந்த ரெண்டில் எதைச் சொன்னாலும் அவள் வீட்டுக் கதவை நீங்கள் சாத்துகிறீர்கள். கேட்டது ஒரு அடி. மூன்றாவது தட்டு பிந்தி விழுந்தது. அவ்வளவையும் அப்படியே சொல்லுங்கள்.